தாமிர வயலில் இரண்டு சாகுபடி

சம்பா அறுவடை முடிந்திருந்த தை மாதத்தில், திருவையாற்றுக்கு அருகே மூன்று ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகன் இயற்பியலில் முதுநிலைப் பட்டம் முடித்து, தேசியத் தகுதித் தேர்விலும் தேறி, ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் பெற்றிருக்கிறான். ஆய்வுத் தலைப்பை மகனிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வந்திருந்தார்: 'அடுக்கு மீக்கடத்திகளில் எலக்ட்ரான் ஆர்பிட்டால்களும் மின்னூட்ட ஒழுங்கும்'. "பையன் சொல்றது ஒண்ணும் விளங்கலைங்க ஐயா. நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவங்க. அஞ்சு வருஷத்தை இதுல போடலாமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

என் பட்டம் பொருளாதாரத்தில் பெற்றது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம், மனம் ஒப்பவில்லை. சில வாரங்கள் படித்தேன். புரியாத இடங்களில் அந்த மாணவனையே ஆசிரியனாக்கிக் கொண்டேன். படிக்கப் படிக்க, இது எனக்கு முற்றிலும் அந்நியமான பாடம் அன்று என்பது தெரிந்தது. அளவான ஒரு வளத்துக்கு இரண்டு பயன்பாடுகள் உரிமை கோரும்போது என்ன நிகழும் என்பதே இதன் மையக் கேள்வி. மேட்டூரின் நீர்மட்டத்தை நாள்தோறும் நாளிதழில் பார்த்து, குறுவையா சம்பாவா என்று கணக்குப் போடும் காவிரிப் படுகைக்காரர்களுக்கு அந்தக் கேள்வியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

மின்கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. 1911-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தை ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது, அதன் மின்தடை அடியோடு மறைந்தது. இதுவே மீக்கடத்துத்திறன். குளிர்ச்சியின் கடைசி எல்லையான மைனஸ் 273 டிகிரியைச் சுழியாகக் கொண்டு அளப்பது கெல்வின் அளவை. அதன்படி அந்தப் பாதரசம் இருந்தது 4.2 கெல்வினில். எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து, எல்லா இணைகளும் ஒரே தாளத்தில் நகர்வதால் தடையின்றிச் செல்கின்றன என்ற விளக்கத்தை 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் அளித்தனர். இது எங்கோ தொலைதூரத்து அதிசயம் அன்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மீக்கடத்திக் கம்பிச் சுருளுக்குள் படுத்து எழுந்தவர்களே. அந்தச் சுருள் நியோபியம், டைட்டானியம் ஆகியவற்றின் கலவை. அதைக் குளிர்விப்பது விலை மிகுந்த திரவ ஹீலியம்.

1986-இல் கதை திசை மாறியது. சூரிச் நகருக்கு அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான் போன்ற ஒரு பொருளில் 30 கெல்வினை ஒட்டி மீக்கடத்துத்திறனைக் கண்டனர். அடுத்த ஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1987-இல் அமெரிக்காவில் பால் சூ, எம்.கே. வூ குழுவினர் இட்ரியம் கலந்த தாமிர ஆக்சைடில் 93 கெல்வினை எட்டினர். இந்த எண்ணின் முக்கியத்துவம் பொருளாதாரம் சார்ந்தது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கிறது. எனவே இந்தப் பொருளுக்கு ஹீலியம் தேவையில்லை. நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளை வைத்திருக்கும் கலனில் புகைகிறதே, அதுதான் திரவ நைட்ரஜன். அந்தக் கலனில் போட்டாலே மீக்கடத்தியாகிவிடும் பொருள் ஒன்று கிடைத்துவிட்டது.

இந்தப் புதிய பொருள்களுக்கு 1957-ஆம் ஆண்டு விளக்கம் அப்படியே பொருந்தவில்லை. முதன்முதலில் மாற்று விளக்கம் தந்தவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. பாஸ்கரன், பிரின்ஸ்டனில் நோபல் அறிஞர் பிலிப் ஆண்டர்சன், சூ ஆகியோருடன் 1987-இல் எழுதிய கட்டுரை இன்றளவும் இத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. அவர்கள் சொன்னதைச் சுருக்கமாகக் கூறினால்: இந்தப் பொருள்களில் எலக்ட்ரான்கள் அசையாமல் முடங்கியிருக்கும் நிலையிலேயே அண்டை எலக்ட்ரான்களோடு இணைசேர்ந்து நிற்கின்றன, சில எலக்ட்ரான்களை அகற்றி இடம் உண்டாக்கினால் அந்த இணைகள் நகரத் தொடங்குகின்றன.

முடங்குவது ஏன், அகற்றுவது எங்கிருந்து என்று கேட்டால் ஆர்பிட்டாலுக்கு வந்துவிடுகிறோம்.

கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றுகின்றன என்று பள்ளியில் படித்த தலைமுறை எங்களுடையது. உண்மை அதுவன்று. எலக்ட்ரான் எங்கெங்கே எந்த அளவுக்குத் தென்படக்கூடும் என்பதைக் காட்டும் மேகம் போன்றது ஆர்பிட்டால். அந்த மேகத்துக்குத் திட்டமான வடிவம் உண்டு. எஸ் வகை உருண்டை. பி வகை உடுக்கை போல இருபுறமும் பருத்து நடுவில் ஒடுங்கியது. டி வகையில் பெரும்பாலானவை நான்கு இதழ்ப் பூ. தாமிர ஆக்சைடில் நமக்கு வேண்டியவை இரண்டுதான்: தாமிரத்தின் நான்கு இதழ்ப் பூவும் ஆக்சிஜனின் உடுக்கையும்.

இப்பொருள்கள் அடுக்கடுக்கானவை. தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு தளம், அதன்மேல் வேறு அணுக்களின் அடுக்கு, அதன்மேல் மறுபடியும் தாமிரத் தளம் என்று செல்லும். ஒரு தாமிரத் தளத்தை மேலிருந்து பார்த்தால், சம அளவுச் சதுரப் பாத்திகளாக வரப்பிட்ட வயல்வெளி போலிருக்கும். வரப்புகள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு தாமிர அணு. ஒவ்வொரு வரப்பின் நடுவிலும் ஓர் ஆக்சிஜன் அணு. மூலைக்கு மூலை தூரம் 0.38 நானோமீட்டர் அளவுதான். தாமிரப் பூவின் நான்கு இதழ்களும் நான்கு வரப்புகளின் வழியே ஆக்சிஜனை நோக்கி நீள்கின்றன; ஆக்சிஜனின் உடுக்கையும் வரப்பின் திசையிலேயே படுத்திருக்கிறது. ஆகவே எலக்ட்ரானுக்குப் போக்குவரத்து வரப்பின் மேல்தான். பாத்திக்குக் குறுக்கே எளிதில் செல்ல இயலாது. மேலடுக்குக்குத் தாவுவதும் கடினம். பொருள் முப்பரிமாணமானதே என்றாலும் எலக்ட்ரான் ஏறக்குறைய தட்டையான உலகில் வாழ்கிறது. இந்த நிலையை உண்டாக்குவது ஆர்பிட்டாலின் வடிவம்.

ஒவ்வொரு மூலையிலும் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று நிற்கிறது. பக்கத்து மூலைக்குப் போனால் அங்கே இன்னொன்று இருக்கிறது. இரண்டும் கடுமையாக விலக்கிக்கொள்ளும். எனவே வீட்டுக்கு ஒருவராக அவை முடங்கிவிட, பொருள் மின்கடத்தாப் பொருளாகிறது. லாந்தனத்தில் ஒரு பகுதியை நீக்கிப் பேரியத்தை வைத்தால் தாமிரத் தளத்தில் எலக்ட்ரான்கள் குறைகின்றன. குறைந்த இடத்துக்குத் துளை என்று பெயர். கவனிக்க வேண்டியது, அந்தத் துளைகள் பெரும்பாலும் தாமிரத்தில் அல்ல, ஆக்சிஜனின் உடுக்கைகளில் குடியேறுகின்றன. மூலையில் நின்றவர் மூலையிலேயே இருக்கிறார். ஆட்டம் வரப்பு நடுவில் நடக்கிறது. பிறகு வரப்போகும் புதிருக்கு இதுவே திறவுகோல்.

துளைகள் கூடக்கூட மீக்கடத்தும் வெப்பநிலை ஏறுகிறது. ஆனால் லாந்தனம்-பேரியம் சேர்மத்தில் எட்டுத் தாமிரத்துக்கு ஒரு துளை என்ற அளவை எட்டும்போது, 30 கெல்வினை ஒட்டியிருந்த வெப்பநிலை திடீரென 5 கெல்வினுக்கும் கீழே சரிகிறது. அந்த அளவைக் கடந்தால் மறுபடி ஏறுகிறது. 1980-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட இந்தப் பள்ளத்துக்குக் காரணம் 1995-இல்தான் தெளிவாயிற்று. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தைச் சேர்ந்த டிரான்குவாடாவும் சக ஆய்வாளர்களும் இதற்கு நெருங்கிய உறவுடைய சேர்மம் ஒன்றில் நியூட்ரான்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். துளைகள் தாறுமாறாகச் சிதறியிருக்கவில்லை. வரிசை நடவு போல நேர்கோடுகளில் அணிவகுத்திருந்தன. நான்கு தாமிர வரிசைக்கு ஒரு துளை வரிசை. அந்த வரிசைக்குள் இரண்டு தாமிரத்துக்கு ஒரு துளை. நான்கையும் இரண்டையும் பெருக்கினால் எட்டு. மின்னூட்ட ஒழுங்கு என்பது இதுவே.

துளைகள் ஏன் வரிசை கட்ட வேண்டும்? அவை ஓரிடத்தில் குவிந்தால் மின்விலக்கம் தள்ளுகிறது. எங்கும் சிதறினால், மூலைகளில் நிற்கும் எலக்ட்ரான்கள் தமக்குள் அமைத்துக்கொண்டிருக்கும் காந்த ஒழுங்கு குலைகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம் இந்த வரிசை. திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது ஏன் என்று வேளாண் அலுவலர் சொல்லும் விளக்கமும் ஏறத்தாழ இதே பாணியில்தான் இருக்கும் என்றார் நண்பர். நெருக்கினாலும் நட்டம், கலைத்து நட்டாலும் நட்டம்.

இனி புதிரின் நுட்பமான பகுதி. நான்குக்கு ஒன்று என்ற வரிசை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் மின்னூட்டம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது? தாமிர மூலைகளில் ஏறி இறங்குகிறது என்று எண்ணுவது இயல்பு. டெல்லியில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றும் சுபீர் சச்தேவ், லா பிளாக்கா என்பவருடன் 2013-இல் செய்த கணக்கு வேறொன்றைச் சொன்னது. அடுத்த ஆண்டு, ஊசி முனையால் அணு அணுவாகத் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கியைக் கொண்டு சீமஸ் டேவிஸ் குழுவினர் எடுத்த படங்கள் அதை உறுதி செய்தன. தாமிரத்தில் பெரிய மாற்றம் இல்லை. கிழக்கு மேற்கு வரப்புகளின் நடுவில் உள்ள ஆக்சிஜனில் மின்னூட்டம் கூடும்போது, வடக்கு தெற்கு வரப்புகளில் உள்ள ஆக்சிஜனில் குறைகிறது. இந்த வேறுபாடு ஏறத்தாழ நான்கு பாத்திக்கு ஒருமுறை பெருத்தும் சிறுத்தும் அலையாகச் செல்கிறது. ஒரு திசையில் கூடுதல், குறுக்குத் திசையில் குறைவு. மீண்டும் கூடுதல், மீண்டும் குறைவு. அதாவது தாமிரத்தின் நான்கு இதழ்ப் பூவின் சாயலே மின்னூட்ட ஒழுங்கிலும் பதிந்திருக்கிறது. இப்பொருள்களில் மீக்கடத்தும் எலக்ட்ரான் இணைகளுக்கும் அதே நான்கு இதழ்ச் சாயல் உண்டு என்பது 1990-களின் நடுப்பகுதியிலேயே சோதனைகளில் நிறுவப்பட்டிருந்தது. போட்டியிடும் இருவரின் முகத்திலும் ஒரே குடும்பச் சாயல்.

போட்டி என்பதற்கும் நேரடிச் சான்று உண்டு. இட்ரியம் சேர்மத்தில் 2012-இல் எக்ஸ் கதிர்களால் செய்த அளவீடுகளில், குளிரக் குளிர மின்னூட்ட ஒழுங்கு வலுப்பெற்றது. மீக்கடத்துத்திறன் தொடங்கியதும் தளர்ந்தது. வலிமையான காந்தப்புலத்தால் மீக்கடத்துத்திறனை நலியச் செய்தபோது, மின்னூட்ட ஒழுங்கு மறுபடி தலைதூக்கியது. ஒரு மடையை அடைத்தால் மறு வாய்க்காலில் நீர் ஏறுவதைப் போல. ஒரே எலக்ட்ரான்கள், வரிசையில் உறைந்து நிற்க ஒரு புறம் அழைப்பு, இணைசேர்ந்து ஓட மறுபுறம் அழைப்பு.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பொருளாதார ஆசிரியனுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் 2007-இல் அந்த எட்டில் ஒன்று சேர்மத்தையே துல்லியமாக அளந்தபோது, பள்ளம் என்று எண்ணிய இடத்தில் ஒவ்வொரு தனி அடுக்குக்குள்ளும் மீக்கடத்துத்திறன் 40 கெல்வின் அளவிலேயே தொடங்கிவிடுகிறது என்று தெரிந்தது. அடுக்குகளுக்கிடையே ஒத்திசைவு இல்லாததால்தான் முழுப் பொருளும் மீக்கடத்தியாகவில்லை. ஆகவே இருவரும் வெறும் பகைவர்கள் அல்லர். பின்னிப் பிணைந்தவர்கள் என்று இன்று பலர் கருதுகின்றனர். இதை நண்பரிடம் விளக்க நான் தடுமாறியபோது அவரே கை கொடுத்தார். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் சம்பாப் பயிருக்குள் உளுந்தை விதைத்துவிடுவது டெல்டா வழக்கம். எஞ்சிய ஈரத்திலேயே உளுந்து வளர்ந்துவிடும். "ஒரே வயல்ல ரெண்டும் இருக்குங்களே" என்றார். நான் படித்த கட்டுரைகளில் இவ்வளவு எளிய உவமை கிடைக்கவில்லை.

ஆர்பிட்டால் மாறினால் கதையும் மாறுகிறது. நியோபியம் டைசெலினைடு என்னும் அடுக்குப் பொருளில் அணுக்கள் முக்கோணங்களாக அடுக்கப்பட்டுள்ளன. 33 கெல்வினில் மின்னூட்ட ஒழுங்கு பிறக்கிறது, 7 கெல்வினில் மீக்கடத்துத்திறனும் சேர்ந்துகொள்கிறது. இரும்புச் சேர்மங்களில் ஒன்றல்ல, பல டி ஆர்பிட்டால்கள் களத்தில் இருக்கின்றன. இரும்பு செலினைடில் சமமாக இருக்க வேண்டிய இரண்டு ஆர்பிட்டால்கள் 90 கெல்வினில் ஏற்றத்தாழ்வு கொள்கின்றன. ஜப்பானியக் கூடைப் பின்னலின் பெயரால் ககோமே என்று வழங்கும் அணுப்பின்னல் கொண்ட சீசியம்-வனேடியம்-ஆண்டிமனி சேர்மத்தில் 94 கெல்வினில் மின்னூட்ட ஒழுங்கும், 2.5 கெல்வினில் மீக்கடத்துத்திறனும் தோன்றுகின்றன. 2023-இல் சீன ஆய்வாளர்கள் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல் அழுத்திய லாந்தனம்-நிக்கல் ஆக்சைடில் ஏறத்தாழ 80 கெல்வினை எட்டினர். அங்கே தளத்தில் கிடக்கும் நான்கு இதழ்ப் பூவோடு, அடுத்த அடுக்கை நோக்கி நிமிர்ந்து நிற்கும் இன்னொரு ஆர்பிட்டாலும் பங்கேற்கிறது. தாமிரத்தில் கற்ற பாடத்தை நிக்கலில் அப்படியே ஒப்பிக்க முடியாது.

இந்தியாவுக்கும் இதில் பழைய உறவு உண்டு. பெங்களூரில் சி.என்.ஆர். ராவும் சக ஆய்வாளர்களும் 1986-க்கு முன்பே அடுக்கு ஆக்சைடுகளை ஆராய்ந்தவர்கள். 1990-களில் மாங்கனீசு ஆக்சைடுகளின் மின்னூட்ட ஒழுங்கு குறித்து அவர்கள் செய்த பணி உலக அளவில் மதிக்கப்படுவது. அங்கும் ஆர்பிட்டால்களின் சாய்வே அணிவகுப்பை முடிவு செய்கிறது. மேலே சொன்ன எக்ஸ் கதிர்ச் சோதனைகளுக்கு சிங்க்ரோட்ரான் என்னும் மாபெரும் கதிர் இயந்திரம் வேண்டும். இந்தூரில் உள்ள இண்டஸ்-2 நம்மிடம் உள்ளவற்றில் பெரியது. அதன் ஆற்றல் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட். அதற்கு மேல் தேவைப்படுவோர் ஜெர்மனி போன்ற வெளிநாடுகளுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்கள்.

நண்பரின் அடுத்த கேள்வி எல்லா வரி செலுத்துவோரும் கேட்பது: இதனால் என்ன பயன்? உடனடிப் பயன் என்று சொன்னால் அது பொய். மின் பகிர்மானத்தில் நாட்டின் மொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பு அண்மை ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினைந்து, பதினாறு என்ற அளவில் இருக்கிறது. மீக்கடத்திக் கம்பி வந்தால் இது மறைந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. மறையாது. அந்த இழப்பில் திருட்டும், கணக்கெடுக்காத மின்சாரமும், வசூலாகாத கட்டணமும் அடங்கியுள்ளன. அவற்றைக் குளிர்வித்துச் சரிசெய்ய முடியாது. அறை வெப்பநிலை மீக்கடத்தி என்ற ஆசையால் வந்த ஏமாற்றங்களும் குறைவல்ல. 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்ற பொருளின் அறிவிப்பு வந்தபோது பங்குச் சந்தைகளே ஆடின. சில வாரங்களில், அதில் கலந்திருந்த தாமிர சல்பைடு காட்டிய மாயம் அது என்று தெரிந்தது. அதை உடனே செய்து பார்த்து 'இல்லை' என்று சொன்னவர்களுள் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தினரும் உண்டு. 'நேச்சர்' இதழில் வெளிவந்த இரு அறிவிப்புகள் 2022-லும் 2023-லும் திரும்பப் பெறப்பட்டன. மின்னூட்ட ஒழுங்கைப் பொறுமையாகப் படிப்பவன் இத்தகைய அறிவிப்புகளைக் கண்டு எளிதில் மயங்க மாட்டான். எந்தப் பொருளில் எந்த ஆர்பிட்டால் எந்தப் போட்டியாளரை வளர்க்கும் என்று தெரிந்தால்தான், போட்டியாளரை அடக்கி மீக்கடத்துத்திறனை உயர்த்தும் வழி தேட முடியும்.

இந்தத் தேடலுக்கு நாம் ஒதுக்கும் தொகை சிறிது. 2020-21 கணக்குப்படி ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. சீனா 2.4 விழுக்காடு, தென்கொரியா 4.5 விழுக்காட்டுக்கும் மேல். 2023-இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. மின்னூட்ட ஒழுங்குக்குத் தனியார் பணம் தருவார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. விளைச்சல் எப்போது, யாருக்கு என்று சொல்ல முடியாத பயிருக்கு அரசுதான் நீர் விட வேண்டும். இது நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்ன பாடம்தான்.

இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. நண்பரிடம் இதைச் சொன்னேன். மூன்று ஏக்கரில் ஆண்டு முழுதும் பாடுபட்டுக் கையில் நிற்பதோடு ஒப்பிட்டு, மனத்துக்குள் கணக்குப் போட்டார். முகத்தில் தெளிவு தெரிந்தது. போகலாம் என்றுதான் நான் சொன்னேன். பையனுக்கு ஆர்வம் இருக்கிறது, கேள்வி நல்ல கேள்வி, பாஸ்கரன் போன்றவர்கள் போட்ட பாதையும் இருக்கிறது.

வாசல் வரை சென்றவர் திரும்பி நின்று, "அந்தப் பணம் மாசாமாசம் தவறாம வந்துடுங்களா?" என்று கேட்டார். உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோவதாக ஆய்வு மாணவர்கள் முறையிடும் செய்திகளை நானும் படித்திருக்கிறேன். ஆர்பிட்டாலைப் பற்றிக் கேட்டபோது ஏதோ பதில் சொல்ல முடிந்தது, இதற்கு முடியவில்லை.